சத்தம் போன வண்டி

எங்கள் அப்பா ரொம்பக் கலகலப்பான மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். மதுரைக் கீழமாசி வீதியில் அவர் பலசரக்கு மண்டி வைத்திருந்தார். வருகிறவர்களை உட்கார வைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாராம். பிறர் சொல்லித்தான் எங்களுக்கே அது தெரியும். அந்தச் சிரிப்பையெல்லாம் சாயங்காலம் மண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் விளாங்குடிக்கு வண்டி எடுப்பார் போலிருக்கிறது. வீட்டில் அவர் யாரையும் அடித்ததில்லை, வைததும் குறைவு. வாசலில் கால் வைத்ததும் ஒரு குரல் கொடுப்பார். "யாரு அங்க? வீட்டுல மனுசங்க இருக்கீகளா, இல்ல எல்லாரும் காசிக்குப் போயாச்சா?" அதற்கு மேல் அவர் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வாயிலிருந்த பேச்சு பாதியில் நின்றுவிடும். மனுசங்க இருந்தாலும் காசிக்குப் போன மாதிரிதான் வீடு இருக்கும்.

அவரிடம் ஒரு மோட்டார் கார் இருந்தது. கொடைக்கானலிலிருந்து சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. என்னைவிட அதற்கு வயது அதிகம், வீட்டில் மரியாதையும் அதிகம். இஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அடியில் வில்லுப் பட்டைகளை வண்டியோடு மாட்டியிருக்கும் இடங்களில் தேய்மானம் கண்டுபோய், சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் 'க்ரீச்' என்று ஒரு சத்தமும், பின்னாலேயே 'டொக்' என்று இன்னொரு சத்தமும் வரும். அப்போதைய திண்டுக்கல் ரோட்டில் பள்ளம் இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வருமுன் ரோடு ஒரு வாய்க்கால் பாலத்தின் மேல் ஏறி இறங்கும். பாலத்தின் உச்சிக்கு வந்ததும் அப்பா இஞ்சினை நிறுத்திவிடுவார். அங்கிருந்து வண்டி இறக்கத்தில் தானாக உருண்டு வந்து வீட்டுப் பக்கவாட்டில் இருந்த கொட்டகைக்குள் நுழைந்துவிடும். தினமும் அதில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் என்பது அவர் எண்ணம். ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போய்வந்துகொண்டிருந்ததால் இஞ்சின் சத்தத்தை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அப்பா வருகிறார் என்று எங்களுக்குச் சொல்லியது அந்த க்ரீச்சும் டொக்கும்தான். அது பாலத்தில் கேட்டால் போதும். அம்மா அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டு எழுந்துவிடுவாள். நான் எங்கே இருந்தாலும் பாடப்புத்தகத்தின் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவேன். அத்தை உள்ளறைக்குப் போய்விடுவாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தங்கை அவள். வாடிப்பட்டிப் பக்கம் வாழப் போனவள். கட்டிக்கொண்டவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட, ஒரு டிரங்குப் பெட்டியும் கல்யாணச் சீராகக் கொண்டுபோன வெண்கலப் பானையுமாக அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. வந்து நெடுநாள் வரை அவள் நெல் மூட்டை அறையின் மூலையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வருவாள், சொன்னால் செய்வாள். சாப்பிட வைப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "இவ இப்படியே போயிருவா போலருக்கே" என்று அம்மா அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல் பாலத்தில் க்ரீச் கேட்டது. அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். மூலையிலிருந்த அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், உதட்டை ஒரு மாதிரி குவித்து, "க்ரீ...ச், டொக்" என்றாள். அசல் வண்டியேதான். அம்மா அப்படியே நின்று அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அம்மா சிரிப்பதைப் பார்த்து அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா உள்ளே வந்தபோது இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், தினமும் பிற்பகலில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு நாடகம் நடக்க ஆரம்பித்தது. ஆணியில் தொங்கும் அப்பாவின் பழைய கோட்டை அத்தை போட்டுக்கொள்வாள். துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொள்வாள். முக்காலிதான் வண்டி. முறம் ஸ்டியரிங். அப்பா கண்ணாடியில் முகம் பார்ப்பது, கியர் போடுமுன் ஒருமுறை தொண்டையைச் செருமுவது, குறுக்கே போகும் கோழியை மகா விரோதியாகப் பார்ப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடைசியில் க்ரீச், டொக் என்று வண்டியை நிறுத்தி இறங்கி, "யாரு அங்க?" என்று கேட்பாள். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கும் அந்த நாடகத்தில் ஒரு உத்தியோகம் இருந்தது. நான் ஹாரன். அத்தைக்கு எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொள்ள வேண்டும். அவள் கன்னத்தை அமுக்கினால் "பாம், பாம்" என்று கத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அம்புட்டு முக்கியமான வேலை யாரும் கொடுத்ததில்லை.

நாடகம் வந்த பிறகு அத்தை சாப்பிட்டாள். அரிசி களைந்தாள், எனக்குத் தலை பின்னினாள், அம்மாவோடு வாயாடினாள். ஆனால் அப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும் பழைய மூலைக்கே போய் மௌனமாகிவிடுவாள். அப்பாவுக்குத் தெரிந்தது அந்த மௌன அத்தையை மட்டும்தான். ஒருநாள் அம்மாவிடம், "இந்தப் புள்ள எப்பத்தான் முகம் குடுத்துப் பேசும்?" என்று கேட்டார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சொன்னால் நாடகம் நின்றுவிடும், நின்றால் இவள் மறுபடியும் அந்த மூட்டைகளோடு மூட்டையாகிவிடுவாள் என்று அம்மாவுக்குப் பயம். அது எனக்கும் கொஞ்சம் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் திண்டுக்கல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். உலகத்தில் உள்ள கஷ்டமெல்லாம் பிரேக்கிலும் பட்டையிலும் வருவது என்பது அவர் கட்சி. வண்டியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், புஷ்ஷெல்லாம் போச்சு. இது மண்டி வண்டி மாதிரியா இருக்கு? செக்கு மாதிரில்ல கத்துது" என்றார்.

"புஸ்ஸா? பாம்பு கீம்பு அடியில இருக்கா?" என்று அம்மா பதறிவிட்டாள். பட்டையின் முனையில் வளைந்திருக்கும் காதுக்குள் மாட்டியிருக்கும் சின்ன வெண்கலக் குழாய்க்குத்தான் புஷ் என்று பெயர், அதற்குள்தான் கம்பி ஆடுகிறது, குழாய் தேய்ந்து ஓட்டை பெரிதானால் கம்பி கத்தும், தட்டும் என்று மாமா விளக்கினார். அம்மாவுக்குப் பாம்பு இல்லை என்ற மட்டில் திருப்தி.

அப்பாவுக்கும் அந்தச் சத்தம் கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. மண்டிக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி பேசினார்கள் என்று கேள்வி. ஆனால் யுத்தம் ஆரம்பித்திருந்த சமயம் அது, சீமைச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. பட்டறையில் விடவும் அப்பாவுக்கு மனம் இல்லை. நல்ல சாமானை உருவிக்கொண்டு சொத்தைச் சாமானைப் போட்டுவிடுவார்கள் என்பார். நல்ல வெண்கலம் கிடைத்தால் வார்த்துக் கடைந்துவிடலாம், மாட்டுவதை நாமே வீட்டில் மாட்டிவிடலாம் என்றார் மாமா. வெண்கலத்துக்கு எங்கே போவது என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளேயிருந்து அந்தப் பானையைத் தூக்கிவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அடியில் அது கீறல் விட்டிருந்தது.

"உன் சீர்ப் பானை, அதப் போயி..." என்றாள் அம்மா.

"இருக்கட்டும் மதினி. இதுல நான் இனிமே யாருக்குப் பொங்கப் போறேன்?" என்றாள் அத்தை.

அப்பா அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் கோட்டைக் கழற்றி மாட்டுகிறாளோ, அந்தச் சத்தத்தை ஒழிக்கத் தன் பானையையே கொடுக்கிறோம் என்பது அவளுக்கும் உறைக்கவில்லை, அம்மாவுக்கும் உறைக்கவில்லை.

பானையை உருக்கி வார்த்து, கோரிப்பாளையத்தில் ஒரு கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினார்கள். மஞ்சள் பளீரென்று விரல் நீளத்தில் குழாய்கள். அடுத்த ஞாயிறு காலையில் கொட்டகைக்குள் வேலை ஆரம்பித்தது. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டைகள் அடுக்கி நிறுத்தினார்கள். முதல் நாளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருந்தும் துருப்பிடித்த நட்டுகள் அசையவில்லை. மாமா அடியில் படுத்துக்கொண்டு அவற்றின் பிறப்பையே சந்தேகித்தார். கம்பியைத் தட்டி எடுத்த பிறகும் பழைய புஷ் காதைவிட்டு வர மாட்டேன் என்றது. உளி வைத்து உடைத்துவிடலாம் என்றார் மாமா. உடைத்தால் காது கீறிப்போகும் என்றார் அப்பா. ஒரு நீள போல்ட்டை உள்ளே விட்டு, ஒரு பக்கம் புஷ் அளவுக்கு வட்டத் தகடு, மறுபக்கம் அதைவிடப் பெரிய குழாய்த்துண்டு என்று வைத்து நட்டை முடுக்கினார்கள். முறுக்கு உரலில் மாவு வருவது மாதிரி பழைய புஷ் மெல்ல வெளியே வந்து குழாய்க்குள் விழுந்தது. அதே போல்ட்டை வைத்தே புதியதை உள்ளே இழுத்தார்கள்.

"ஸ்பேனர்னா ஸ்பேனரக் குடு மாப்ள. ராமாயணம் படிக்காத" என்று அப்பா அதட்டுவதும், "மச்சான், என் கால மிதிக்கிறீக" என்று அடியிலிருந்து மாமா கத்துவதும் வீடு முழுக்கக் கேட்டது. அத்தை அடுப்படி ஜன்னல் பக்கம் அரிவாள்மணையை நகர்த்திப் போட்டுக்கொண்டு காய் நறுக்கினாள். நறுக்கிய நேரத்தைவிட ஜன்னலைப் பார்த்த நேரம்தான் அதிகம். அடுத்த நாடகத்துக்குச் சரக்குச் சேர்ந்துகொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. கழற்றிய பழைய புஷ்களை அப்பா துடைத்து ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார். அவர் எதையும் எறிகிறவர் இல்லை. வண்டியைப் பாலம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். இறக்கத்தில் உருண்டு வரும்போது இலை அசைகிற சத்தம்கூட இல்லை. "இப்பத்தான் இது வண்டி" என்றார் மாமா. அப்பா பேனட்டைத் தட்டிக்கொடுத்தார். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம், மகிழ்ந்தோம். இனி வண்டி சத்தமில்லாமல் வரும் என்று கண்ணால் கண்டுவிட்டு, மறுநாள் பிற்பகல் வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டு நாடகத்துக்கு உட்கார்ந்தோம். காது பழகிய பழக்கம் அப்படி. சத்தம் கேட்கவில்லை, ஆகவே அப்பா இன்னும் வரவில்லை.

அன்று அத்தை எடுத்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர். முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு, முறுக்கு உரலை வைத்துக்கொண்டு, அப்பாவாகவும் மாமாவாகவும் மாறி மாறிப் பேசினாள். "ராமாயணம் படிக்காத" என்று சொல்லும்போது அவள் புருவம்கூட அப்பாவின் புருவமாகிவிட்டது. அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள், குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் தாயி, என்னால முடியல" என்றாள். அத்தை விடவில்லை. முக்காலியை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். நான் எதிரே முட்டிபோட்டுக் கன்னத்தை உப்பிக்கொண்டேன். "க்ரீ...ச், டொக்" என்று அத்தை பாலத்தில் இறங்கினாள்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், கொட்டகையிலிருந்து வரும் பக்கவாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு மட்டும்தான் அவர் தெரிந்தார். நேற்றுத்தான் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டுத் தொலைத்த சத்தம், தன் வீட்டுக்குள்ளிருந்தே வருவதைக் கேட்டுத் திகைத்துப்போய் நின்றார். அத்தை முக்காலியிலிருந்து இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் குரலிலேயே கேட்டாள். "யாரு அங்க? வீட்டுல மனுசங்க இருக்கீகளா, இல்ல எல்லாரும் காசிக்குப் போயாச்சா?" அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தையும் தன் குரலைத் தானே தாங்க மாட்டாமல் சிரித்தாள். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. கூரை அதிர்கிற சிரிப்பு.

வெளுத்து வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் வரவே இல்லை. தெரியாத வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட ஆள் மாதிரி நின்றார். அத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் உப்பிய கன்னம் உப்பியபடியே இருந்தேன். அத்தை அதற்குள் மறுபடியும் வண்டியேறி என் கன்னத்தை அமுக்கினாள். காற்றுத்தான் வந்தது.

"ஏ, ஹாரனுக்கு என்ன கேடு?" என்றாள் அத்தை.

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு, தரையில் பாதம் பட்டதா இல்லையா என்று தெரியாமல் வந்த வழியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் வண்டிக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. ஆளே விழுந்துவிடுகிற மாதிரி ஒரு இருமல் கேட்டது. அத்தை கோட்டைக் கழற்றி ஆணியில் எறிந்துவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா இந்தத் தடவை வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார். வழக்கம்போல் குரல் கொடுக்க வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். ஆணியில் கோட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் நாடகம் நின்றுவிடும், என் ஹாரன் உத்தியோகமும் போய்விடும். ஆனால் அந்த வாரம் நாடகம் தானாகவே நின்றுவிட்டது. வண்டி இப்போது சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறது என்று அம்மாவுக்கும் அத்தைக்கும் அன்றுதான் புரிந்தது. கதவைச் சாத்தினாரோ, நாம் பிழைத்தோமோ என்று பேசிக்கொண்டார்கள். அத்தை கோட்டின் பக்கமே போகவில்லை. பிற்பகலிலும் மூட்டை அறையிலேயே இருக்க ஆரம்பித்தாள். அம்மா தட்டில் போட்டதில் பாதி அப்படியே திரும்பி வந்தது. எனக்கு அழுகையாக வந்தது. அப்பா ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்த அறைப் பக்கம் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் கை கழுவிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குச் சொல்லியனுப்பி வரவழைத்தார். வண்டியின் பின்பக்கத்தை மறுபடியும் கட்டையில் ஏற்றினார்கள். அப்பா தகர டப்பாவைத் திறந்து பழைய புஷ் ஒன்றை எடுத்து மாமா கையில் கொடுத்தார்.

"இத ஒரு பக்கம் போடு மாப்ள."

"மச்சான், புதுச எடுத்துப்புட்டு பழச யாராச்சும் போடுவாகளா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மானம் போயிரும்."

"புதுசு ரொம்ப இறுக்கமா இருக்கு. வண்டிக்கு ஆகல."

"ஓட ஓட இளகிரும். கிரீஸ் வச்சா..."

"கிரீஸும் வேணாம். இதப் போட்டா வண்டிக்கு ஆபத்து ஏதும் உண்டா, அத மட்டும் சொல்லு."

"உசுருக்கு ஒண்ணும் ஆகாது. காதுக்குத்தான் ஆபத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே மாமா அடியில் நுழைந்தார். இவர் மண்டிக்காரரா மந்திரவாதியா என்று அம்மாவிடம் போய்க் கேட்டார். பழையது காதில் நிற்காமல் ஆடியதால் மெல்லிய தகரத்தைச் சுற்றி உள்ளே இழுத்தார்கள். கழற்றிய புதிய புஷ்ஷை அப்பா வேட்டி முனையில் துடைத்து, டப்பாவில் போடாமல், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வண்டி கடைசிவரை கத்திக்கொண்டேதான் இருந்தது. அத்தை நெடுங்காலம் எங்களோடு இருந்தாள். அவளுக்குத் தலை நரைத்த பிறகும், அப்பா காலமான பிறகும், அந்தப் பேச்சு வந்தால், "உங்கப்பனுக்கு மண்டி தெரியும், மோட்டார் தெரியாது. நல்ல வேளை, அந்த மனுசனுக்கு வண்டி ரிப்பேர் பண்ணத் தெரியல, நாம பொழச்சோம்" என்று சொல்லிச் சிரிப்பாள். நான் அவளிடம் சொல்லவில்லை. அப்பா சொல்லாமல் விட்டதை நான் எப்படிச் சொல்வது?

பழைய புஷ்ஷை மாட்டிய அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்க்க அப்பா கிளம்பினார். அதிசயமாக என்னையும் ஏற்றிக்கொண்டார். பாத்திமா நகர்ப் பக்கமெல்லாம் அப்போது வெறும் வயல். அதைத் தாண்டிப் போய்த் திரும்பினோம். போகும் வழியெல்லாம் க்ரீச், டொக். எனக்குப் பொறுக்கவில்லை.

"நல்லாத்தானேப்பா இருந்துச்சு. ஏன் பழச மாட்டுனீக?"

"சத்தமில்லாத வண்டி ஆகாது தாயி. ஆடு மாடு தெரியாம குறுக்க வந்துரும்."

"அதுக்குத்தான் ஹாரன் இருக்குல்ல. அத அடிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கியரை மாற்றினார். "ஹாரன் அடிச்சா, நான் வாரேன்னு நானே சொல்றது மாதிரில்ல ஆயிரும்" என்றார்.

ஹாரன் வேறு எதற்குத்தான் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அனுபவப்பட்ட ஹாரன் என்ற முறையில் எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

பாலத்து உச்சியில் வழக்கம்போல் இஞ்சினை நிறுத்தினார். வண்டி க்ரீச் என்று இறங்க ஆரம்பித்தது. இந்நேரம் வீட்டில் சத்தம் கேட்டிருக்கும். மத்தியானமெல்லாம் அப்பாவும் மாமாவும் வண்டிக்கடியில் சண்டை போட்டிருக்கிறார்கள். சத்தம் திரும்பி வந்துவிட்டது என்று நாங்கள் கிளம்பும்போதே தெரிந்துகொண்ட அத்தை அதைச் சும்மா விட்டிருப்பாளா? ஹாரன் இல்லாமல் எப்படி நடத்தினார்களோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வேகமாப் போங்கப்பா" என்றேன்.

"போலாம், போலாம்" என்றார். ஆனால் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. கொஞ்சம் விட்டார், க்ரீச் என்றது, மறுபடியும் மிதித்தார். எப்போதும் ஒரே மூச்சில் உருண்டு போகிற அந்த இறக்கத்தில் அன்று மாட்டு வண்டிகூட எங்களைத் தாண்டிப் போயிற்று. வீட்டுப் பக்கமிருந்து பாதிச் சிரிப்பு ஒன்று கேட்டு அடங்கியது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைச் சாய்த்து அந்தப் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிரேக்கும் கெட்டுப்போய்விட்டது, அடுத்த ஞாயிறும் மாமா வரவேண்டியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.